கிதார்ப் பெட்டி: வாங்குமுன் ஒரு வார்த்தை

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் மாதங்களில் நம் பங்குகளிலே மாலை வேளைகளில் கிதாரின் நாதம் கேட்கத் தொடங்கிவிடும். ஆர்மோனியமும் ஆர்கனுமே கோலோச்சிய பாடற்குழுக்களில், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் இக்கருவியும் இடம்பிடித்தது. ஆகவே பிள்ளை ஒரு கிதார் கேட்டால் பெற்றோர் அதிகம் மறுப்பதில்லை. பல வீடுகளில் அது வந்தும்விட்டது. இப்பொழுது எழும் கோரிக்கை வேறு. "அப்பா, கிதார் மட்டும் இருந்தால் போதாது; ஒரு ஸ்மார்ட் ஆம்ப் வேண்டும்" என்கிறான் மகன். மகளும் கேட்கிறாள். விலையைக் கேட்ட தந்தை நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்.

விலை அப்படிப்பட்டதுதான். இவ்வகையில் பெயர்பெற்ற 'ஸ்பார்க் 40' என்னும் பெட்டிக்கு அமெரிக்கப் பட்டியல் விலை 299 டாலர் என்றிருந்தது. இறக்குமதித் தீர்வையை விட்டு, டாலரை மட்டும் ரூபாயாக்கினாலே இருபதாயிரத்தை எளிதில் தாண்டும். நம் வாசகர் குடும்பங்கள் பலவற்றில் இது ஒரு மாதச் சம்பளம். சிலவற்றில் அதற்கும் மேல். எனவே "வேண்டும்" என்று கேட்கும் பிள்ளையும் "வேண்டாம்" என்று மறுக்கும் பெற்றோரும், அந்தப் பெட்டி செய்யும் வேலை யாது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. தெரியாமல் மறுப்பதும் அநியாயம், தெரியாமல் வாங்கிக் கொடுப்பதும் அநியாயம்.

பெட்டியின் வேலை

நம் பாடற்குழுக்களில் காணும் சாதாரணக் கிதாருக்கு வயிறு உண்டு. தந்தியின் அதிர்வை அந்த வெற்று வயிறு வாங்கிப் பெரிதாக்கி வெளியே விடுகிறது. மின்கிதாருக்கோ அநேகமாக வயிறு கிடையாது. அதன் உடல் ஒரு கெட்டிப் பலகை. அதன் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதைப் 'பிக்கப்' என்பர். தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலியாக்குவதே ஆம்ப்ளிஃபயர் என்னும் பெட்டியின் வேலை. 1932-இல் ரிக்கன்பேக்கர் மின்கிதார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நாள்தொட்டுக் கிதாரும் பெட்டியும் சேர்ந்தே ஒரு வாத்தியம் எனலாம்.

முற்காலப் பெட்டிகளில் வால்வுகள் இருந்தன. வீட்டில் வால்வு ரேடியோ வைத்திருந்த மூத்தோருக்கு அது சூடாகிப் பேசத் தொடங்கும் அழகு நினைவிருக்கும். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரும், பின்னர் 1962-இல் இலண்டனில் ஜிம் மார்ஷலும் செய்த வால்வுப் பெட்டிகளில் ஒரு விசித்திரத்தை இசைஞர்கள் கண்டனர். ஒலியளவை முழுவதும் ஏற்றினால் வால்வு திணறுகிறது. அந்தத் திணறலில் சுரம் சற்றே உடைந்து, கரகரத்து, நீண்டு ஒலிக்கிறது. குறையென்று பொறியாளர் கருதியதை இளைஞர்கள் குணமென்று கொண்டாடினர். 1964-இல் 'த கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், அந்தக் கரகரப்பை விரும்பித் தம் பெட்டியின் ஸ்பீக்கர்த் தாளைச் சவர அலகால் கிழித்தார் என்றால் மோகம் எவ்வளவு என்று பாருங்கள். நம் வீட்டில் எவராவது அவ்வாறு செய்திருந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு!

ஆனால் இந்த இனிமை, பெட்டி அலறும்போதுதான் கிடைக்கும். நடுத்தெருவில், பக்கத்துச் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், அது நடக்கிற காரியமா? மெல்லிய ஒலியிலேயே அந்த உரத்த பெட்டியின் குணத்தைக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் இன்றைய பெட்டிகள் பிறந்தன. கிதாரின் மின்னோட்டத்தை எண்களாக மாற்றி, பழைய வால்வுப் பெட்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படிக் கணித்து, மீண்டும் ஒலியாக்கித் தரும் சிறு கணினிச் சில்லு ஒன்று அவற்றில் உள்ளது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996-இல் இத்தகைய ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. 2011-இல் யமஹா நிறுவனம், வரவேற்பறை மேசையில் வைத்து வாசிப்பதற்கென்றே 'டி.எச்.ஆர். 10' என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. 2020-இல் வீடு வந்து சேரத் தொடங்கிய ஸ்பார்க், கைபேசியையும் இந்தக் கூட்டில் சேர்த்துவிட்டது. 'ஸ்மார்ட்' என்ற அடைமொழி பெரும்பாலும் இக்கைபேசியின் பொருட்டே வந்தது.

கைபேசியிலுள்ள செயலியைத் திறந்தால் பலவகைப் பெட்டிகளின் படங்கள் வரும். தொட்டால் பெட்டி அந்தக் குரலில் பேசும். நீங்கள் விரும்பும் பாட்டை அதே பெட்டியில் ஒலிக்கவிட்டு, கூடவே வாசிக்கலாம். சில செயலிகள் அப்பாட்டின் சுரக்கூட்டுகளை, அதாவது 'கார்டு'களை, ஓடும் எழுத்தில் காட்டும். தாளத்திற்கு டிரம்ஸ் வரும். சுருதி சேர்க்கும் கருவியும் உள்ளேயே இருக்கும். யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கணினியில் ஒலிப்பதிவும் செய்யலாம். இவ்வளவையும் தனித்தனியே வாங்கினால் செலவு இதைவிட அதிகம் என்பது கடைக்காரர் வாதம். வாதம் சரிதான், ஆனால் இவ்வளவும் நமக்கு வேண்டுமா என்பதை அவர் கேட்பதில்லை.

முதலில் கிதாரைப் பாருங்கள்

நாம் அறிந்த ஒரு குடும்பம். பேருந்துப் பணிமனையில் வேலை செய்யும் தந்தை. பாடற்குழுவில் வாசிக்கும் பதினைந்து வயது மகன். ஓராண்டாகச் சேர்த்த பணத்தோடு பெட்டி வாங்கக் கடைக்குப் புறப்படும் முன்னர், பங்கிலுள்ள இசையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டனர். அவர் மகனின் கிதாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்பி செருகும் துளை எங்கும் இல்லை. அது பிக்கப் இல்லாத சாதாரண மரக்கிதார்! எவ்வளவு அறிவுள்ள பெட்டியை வாங்கினாலும் அதனோடு இணைக்க வழியில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு ஆசிரியர் அக்கிதாரின் தந்திகளை மாற்றி, விரற்பலகையிலிருந்து தந்தி நிற்கும் உயரத்தையும் சீர்செய்து கொடுத்தார். அதுவரை விரல் வலிக்கிறது என்று அரை மணியில் எழுந்துவிடும் பையன் அதன்பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்தான்.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் கிதார் கற்போருள் பலர் விட்டுவிடுவது விரல்வலியால்தான். பெட்டி இல்லாமையால் அன்று. தந்தி உயரமாக நிற்கும் கிதாரில் 'எஃப்' கார்டு பிடிப்பது சிறுவனுக்குச் சித்திரவதை. முதல் செலவு ஆசிரியருக்கு, இரண்டாவது கிதாரைச் சீர்செய்வதற்கு, பெட்டி மூன்றாவது என்பதே நம் கருத்து.

பிள்ளை எந்த வழியில் கற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். டிரினிட்டி போன்ற தேர்வுகளில் 'கிளாசிக்கல்' கிதார் பிரிவுக்குப் படிப்பவர் நைலான் தந்தியில், மின்சாரம் ஏதுமின்றி வாசிப்பவர். இளையராஜா அவர்கள் இளமையில் தேறிய கிளாசிக்கல் கிதார் கல்வியும் அத்தகையதே. அவ்வழியில் செல்லும் மாணவருக்குப் பெட்டி தேவையில்லை. 'ராக் அண்டு பாப்' பிரிவுக்குப் படிப்பவருக்கு அது தேவை.

பாடற்குழுவுக்காக என்று சொல்லிக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. பிக்கப் பொருத்திய மரக்கிதாரை ஆலயத்தின் மிக்சரிலேயே 'டி.ஐ. பாக்ஸ்' என்னும் சிறு இணைப்புப் பெட்டி வழியாகச் செருகிவிடலாம். அதன் விலை ஸ்மார்ட் ஆம்பின் விலையில் ஒரு சிறு பங்கே. பயிற்சிப் பெட்டி அறைக்காகச் செய்யப்பட்டது. ஐந்து, பத்து வாட் பெட்டி, முழுக் கோவிலும் பாடும்போது மூழ்கிப் போகும். நாற்பது வாட் என்றால் நான்கு மடங்கு உரக்கக் கேட்கும் என்று எண்ணுவோரும் உளர். அப்படியன்று, செவிக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். படுக்கையறையில் பத்து வாட்டே அதிகம்.

பெட்டி தன் விலையைச் சம்பாதிக்கும் இடம்

இதுவரை படித்தவர், நாம் பெட்டிக்கு எதிரி என்று நினைத்திருக்கலாம். இல்லை. ஒரு சூழ்நிலையில் அது மிகப் பயனுள்ளது. அந்தச் சூழ்நிலை நம் வீடுகளில்தான் அதிகம்.

இரண்டு அறை வீடு. படுக்கையில் பாட்டி. தேர்வுக்குப் படிக்கும் தம்பி. கல்லூரி முடிந்து, டியூஷன் எடுத்து, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மகளுக்குக் கிதாரை எடுக்க நேரம். சாதாரணப் பெட்டியை மெதுவாக வைத்தால் சுரம் சப்பென்று இருக்கிறது; உரக்க வைத்தால் வீடே எழுந்துவிடுகிறது. அவளுக்குக் கணினிச் சில்லுள்ள பெட்டியும் ஒரு ஹெட்ஃபோனும் கிடைத்தால், வீடு உறங்க, அவள் காதில் மட்டும் முழு மேடையின் ஒலி கேட்கும். வாரத்திற்கு இருமுறை வாசித்தவள் தினமும் வாசிப்பாள். அந்த வேறுபாட்டுக்குப் பணம் கொடுக்கலாம். மின்தடை மிகுந்த ஊர்களில், உள்ளேயே பேட்டரி உள்ள சிறு வகைகள் ('ஸ்பார்க் மினி', 'ஸ்பார்க் கோ' போன்றவை எட்டு மணி நேரம் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு) கூடுதல் வசதி.

ஆனால் அந்த ஹெட்ஃபோன் கம்பியுள்ளதாக இருக்க வேண்டும். இதைக் கடையில் யாரும் வலியுறுத்துவதில்லை. இன்று இளைஞர் காதில் செருகித் திரியும் கம்பியில்லா புளூடூத் வகையில், ஒலி காதை அடைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோ தாமதமாகும். பாட்டுக் கேட்க அது பொருட்டன்று. வாசிப்பவருக்கோ பெருந்துன்பம். ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் செல்லும். அக்கணக்கில் பத்தில் இரு பங்கு நொடித் தாமதம் என்பது, உங்கள் சொந்தக் கிதாரை 68 மீட்டர் தொலைவிலிருந்து கேட்பதற்குச் சமம். பீடத்தருகே வாசிப்பவர் தம் வாசிப்பை ஆலய முற்றத்தில் நின்று கேட்பது போல. பெட்டியின் உள்ளே நடக்கும் கணிப்புக்கு ஆயிரத்தில் சில பங்கு நொடிதான் ஆகிறது. அது பெட்டியிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி அமர்ந்ததைப் போன்றதே, கவலை வேண்டாம். தொந்தரவு செய்வது புளூடூத் ஹெட்ஃபோன் மட்டுமே. கைபேசிப் பாட்டைப் புளூடூத் வழியே பெட்டிக்கு அனுப்புவதில் பிழையில்லை. பாட்டு எப்பொழுது வந்து சேர்ந்தாலும் வாசிப்பவர் அதைக் கேட்டுத்தானே வாசிக்கிறார்!

காதுக்கும் ஓர் எல்லை உண்டு. உலகச் சுகாதார நிறுவனம், பெரியோருக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்றும், சிறுவருக்கு 75 டெசிபெல் என்றும் வரம்பு கூறுகிறது. பெற்றோர் கையில் அளவுகோல் இல்லாவிடினும், பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்க்காவிட்டால் ஒலியைக் குறைக்கச் சொல்லலாம்.

கைபேசி என்னும் கூட்டாளி

நம் ஐயம் பெட்டியின்மேல் அன்று, கைபேசியின்மேல்தான். பயிற்சிக்கு உட்காரும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து "கிதாரை மட்டும் பார்" என்று சொல்வது எத்தகைய சோதனை! செயலியில் வேறு மனிதர்கள் செய்துவைத்த ஒலியமைப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. இதைத் தொட்டு, அதைத் தொட்டு, மார்ஷல் குரலா ஃபெண்டர் குரலா என்று சோதிப்பதிலேயே ஒரு மணி நேரம் கழிகிறது. கதவுக்கு வெளியே நிற்கும் தாய்க்கு அது பயிற்சி போலவே கேட்கும். உள்ளே நடப்பது பயிற்சி அன்று, அங்காடி உலா.

கார்டுகளை எழுத்தில் காட்டும் வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரான மேஜர், மைனர் கார்டுகளில் அமைந்த பாட்டுக்கு அது ஓரளவு சரியாகவே காட்டும். அடிச்சுரம் ஒருபுறம் நகர, மேலே சுரக்கூட்டு வேறுபுறம் நகரும் நம் திரைப்பாடல்களில் அடிக்கடி தடுமாறும். தன் காதை நம்பும் மாணவன் "இது தவறு" என்று கண்டுபிடித்துவிடுவான். திரையை மட்டும் நம்புபவன் தவறையே மனப்பாடம் செய்வான். இசையாசிரியர்கள் இதில் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். பிடித்த பாட்டோடு முதல் வாரமே சேர்ந்து வாசிக்க முடிந்தால் பிள்ளையின் உற்சாகம் குன்றாது, அதனால் தொடக்கத்திலேயே வாங்கலாம் என்போரும் உண்டு. அவ்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. உற்சாகமும் ஒரு முதலீடுதான். எனினும் அந்த உற்சாகத்தைக் குறைந்த செலவிலும் பெறலாம். 'ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி' போன்ற சாதாரணப் பத்து வாட் பெட்டியிலும் ஹெட்ஃபோன் துளையும், வெளிப்பாட்டை உள்ளே செலுத்தும் துளையும் உண்டு. ஒரு கம்பியால் கைபேசியை இணைத்துவிட்டால் பாட்டோடு வாசிக்கலாம். வீட்டில் கணினி இருந்தால், கிதாரைச் செருகும் சிறு ஒலி இடைமுகம் ஒன்றை வாங்கி, 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்னும் இலவச மென்பொருளால் வால்வுப் பெட்டிகளின் குரலைக் கேட்கலாம். சற்றுப் பொறுமை வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்விஷயத்தில் பொறுமை உண்டு.

இன்னொரு கவலை ஆயுளைப் பற்றியது. நன்றாகச் செய்த ஆம்ப்ளிஃபயர் தலைமுறை தாண்டி உழைக்கும். செயலியோ நிறுவனம் விரும்பும் வரைதான். ஃபெண்டர் 2010-இல் வெளியிட்ட 'மஸ்டாங்' பெட்டிகளோடு 'ஃபியூஸ்' என்ற கணினி மென்பொருளையும் தந்தது. சில ஆண்டுகளில் அம்மென்பொருளைக் கைவிட்டது. பெட்டிகள் கெடவில்லை, ஒலியைத் திருத்தும் வசதி மட்டும் குறைந்துபோயிற்று. ஆகையால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: கைபேசியே இல்லாவிட்டால் இப்பெட்டி என்னென்ன செய்யும்? வாயால் கேட்பதைவிட, கைபேசியை அணைத்துவிட்டுப் பெட்டியின் குமிழ்களை மட்டும் திருகிப் பாருங்கள். ஒலியளவு, கனம், கீச்சு, கரகரப்பு இவ்வளவும் கைக்கு வந்தால் அது நிலைத்து உழைக்கும் பெட்டி. ஒன்றிரண்டு பொத்தான்கள் தவிர யாவும் திரைக்குள் ஒளிந்திருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

மின்கிதார் வைத்திருக்கும் பிள்ளை, ஏறத்தாழ ஓராண்டு தவறாமல் வாசித்து வந்திருந்தால், வீடும் நெருக்கமானதாக இருந்தால், வாங்கிக் கொடுங்கள். பெரியதை விட்டுச் சிறியதை வாங்குங்கள். கிதார் வந்து மூன்று மாதமே ஆகியிருந்தால் சாதாரணப் பெட்டி போதும். கடைக்குப் பிள்ளையின் கிதாரையும் வீட்டிலுள்ள கம்பி ஹெட்ஃபோனையும் எடுத்துச் செல்லுங்கள். கடையிலுள்ள விலையுயர்ந்த கிதாரில் எந்தப் பெட்டியும் இனிக்கும். அரை மணி நேரமாவது வாசிக்கவிட்டு, அவன் விரல்கள் தந்தியில் அதிக நேரம் இருந்தனவா, திரையில் அதிக நேரம் இருந்தனவா என்று ஓரமாக நின்று கவனியுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அதைவிடத் தெளிவான விடை கிடையாது.

ஓராண்டு ஆசைக்குப் பின் விற்கப்படும் பெட்டிகள் இன்று பழைய பொருள் சந்தையில் நிறைய வருகின்றன. பயந்து ஒதுக்க வேண்டாம். விற்பவர் முன்னிலையிலேயே உங்கள் கைபேசியோடு இணைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகும்போது கரகரவென்று ஒலி எழுகிறதா என்று கேட்கவேண்டும். பேட்டரி உள்ளதென்றால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். அதோடு வந்த அடாப்டரையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள். அதில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்திற்குப் பொருந்தும். அது தொலைந்துவிட்டது என்றால், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டாம். கிதார்க் கருவிகள் பலவற்றில் செருகுமுனையின் நடுவில் கழித்தல், சுற்றிலும் கூட்டல். மற்றச் சாதனங்களில் பெரும்பாலும் இது தலைகீழ். பெட்டியின் பின்புறத்தில் துளைக்கு அருகே சிறு வட்டப் படமாக அந்தக் குறி அச்சிடப்பட்டிருக்கும். வோல்ட் எண்ணும் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கடையில் காட்டி, பொருத்தமான அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள்.